செருப்புக்குக் கீழே ஒரு தலை

யுவராணியை அடித்துக் காரியம் சாதித்தவன் இதுவரைக்கும் பிறக்கவில்லை. ஏழாம் வகுப்பில் ஜடையைப் பிடித்து இழுத்தவனின் முழங்கையில் காம்பஸால் ஒரு குத்துக் குத்திவிட்டு, "இன்னொருக்க இழு, பாப்பம்" என்று நின்றவள். கல்யாணமான எட்டாம் மாதம், குடித்துவிட்டுக் கை ஓங்கிய புருஷனைத் தோசைக்கல்லால் திருப்பி அடித்து, அவன் மண்டையில் ஆறு தையல் போட வைத்தாள். தாலியைக் கழற்றி மாமியார் கையிலேயே கொடுத்துவிட்டு அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறினாள். இதெல்லாம் நான் இட்டுக்கட்டிச் சொல்வதில்லை, அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். அடங்காப்பிடாரி என்று ஊர் பேசியது. பேசட்டுமே, ஊருக்கு வேறு என்ன வேலை!

அருப்புக்கோட்டையில் ஒரு விசைத்தறிக் கூடத்தின் மாடியில் ஒற்றை அறை பிடித்திருந்தாள். கீழே தறி அடிக்கிற அடியில் மேலே மேசை மீதிருக்கும் தம்ளர்த் தண்ணீர் நாள் முழுக்க நடுங்கிக்கொண்டிருக்கும். அங்கே உட்கார்ந்து, தான் ஒரு நாளும் போகப்போகாத தேசத்துக் கடைகளுக்கு மின்னஞ்சல் மடல் வடிவமைத்துக் கொடுப்பாள். லண்டனில் கேக் சுடுகிற ஒரு அம்மாள், ஆஸ்திரேலியாவில் நாய்க்குச் சட்டை தைத்து விற்கிற ஒருவன், இப்படிப் பத்துப் பன்னிரண்டு பேர். மாதத்துக்கு ஒரு மடல், சில கடைக்கு இரண்டு.

வேலையிலும் அதே குணம்தான். வெட்டுவாள். அவர்கள் பதினோரு படம் அனுப்பினால் பத்தை வெட்டுவாள். எட்டு வரி எழுதி அனுப்பினால் ஒரு வரியை விடுவாள். "மடலத் தொறக்குறவன் நமக்குக் குடுக்குறது மூணு செகண்டு. அந்த மூணு செகண்டுல அவன் கண்ணு எங்க போய் உக்காரணும்னு நாந்தான் சொல்லணும்" என்பாள். திறந்தவுடன் ஒரே ஒரு பெரிய படம், அதன் கீழே பெரிய எழுத்தில் ஒரு வரி, சுற்றிலும் நிறைய வெற்றிடம். அந்த வெற்றிடத்தைப் பார்த்தால் வாடிக்கையாளர்களுக்குக் கை அரிக்கும். இன்னும் ஒரு படம் போடலாமே என்பார்கள். போட்டால் ரெண்டும் செத்துப்போகும் என்று சண்டை போட்டு ஜெயிப்பாள். ஜெயித்த மடல்களை நிறையப் பேர் திறந்து பார்த்தார்கள், அதனால் அவள் வாய்க்கு எல்லோரும் அடங்கிப்போனார்கள்.

இப்படி இருந்தவளுக்கு வினை சொந்த ஊரிலிருந்து வந்தது.

ஊர்ப் பேரைச் சொல்ல மாட்டேன். பரளச்சிப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள், சொன்னால் எனக்கும் அடி விழும். அங்கே மாரிச்சாமி என்று ஒருவர், விஜயபாண்டி என்று ஒருவர். ரெண்டு பேரும் பங்காளிகள், ரெண்டு பேருக்கும் கண்ணுக்கு எட்டிய மட்டும் கரிசல் காடு. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அய்யனார் கோயில் கொடைத் திருவிழாவில், பரிவட்டத்தை யார் தலையில் முதலில் கட்டுவது என்று சாமி முன்னாலேயே வெட்டிக்கொண்டார்கள். மாரிச்சாமியின் அண்ணனுக்கு ஒரு காது போனது. விஜயபாண்டியின் சித்தப்பாவுக்கு உயிரே போனது. ஒரு முழத் துணிக்கு ஒரு உயிர்! கோயிலைப் பூட்டிவிட்டார்கள்.

இந்த வருஷம்தான் கும்பாபிஷேகம் நடத்திக் கோயிலைத் திறப்பது என்று ராசியானார்கள். ராசி என்றால் என்ன ராசி, எல்லாம் அளந்து வைத்த ராசி. ரெண்டு பூசாரி ஒரே நேரத்தில் ரெண்டு தலைக்கும் பரிவட்டம் கட்ட வேண்டும். நோட்டீசில் ரெண்டு பேரும் ஒரே வரியில், ஒரே அளவு எழுத்தில். நோட்டீசில் மாரிச்சாமி இடப்பக்கம் என்றால் கல்வெட்டில் விஜயபாண்டி இடப்பக்கம். ஃபிளெக்ஸ் கட்டினால் ரெண்டு தரப்பிலிருந்தும் ஆளுக்கு ஒருவன் இஞ்சி டேப்போடு வந்து படத்தை அளப்பான். அரை இஞ்சி கூடினாலும் ஃபிளெக்ஸ் கிழிந்துவிடும், அளந்தவன் சட்டையும் சேர்ந்து கிழியும்.

வெளியூரில் இருக்கிற ஊர்க்காரர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர். திருப்பூர், சென்னை, குவைத், சிங்கப்பூர். அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் குழு வைத்துப் பார்த்தார்கள். ரெண்டாம் நாளே வாய்ஸ் மெசேஜில் ஒருவர் பரம்பரையை ஒருவர் நாறடித்து, குழு ஆரம்பித்தவனுக்குத் திருச்சுழி பஸ் ஸ்டாப்பில் பல் கொட்டியது. மின்னஞ்சல் என்றால் பதிலுக்கு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஏச முடியாது என்று கமிட்டிச் செயலாளர் சண்முகவேல்தான் யோசனை சொன்னார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ரெண்டு பக்கமும் அடி வாங்காத ஒரே ஆள் என்பதால் செயலாளர் ஆக்கியிருந்தார்கள்.

அவர் மாடியேறி வந்து ஃபிளெக்ஸ் படம் ஒன்றை யுவராணி முன் வைத்தார். "இதையே அப்படியே மடலாப் போட்டுரு தாயி. நாப்பத்திரெண்டு மூஞ்சி. ஒண்ணு விட்டாலும் என் வீட்டுல கல்லு விழும்."

"சார், நாப்பத்திரெண்டையும் போட்டா ஒரு மூஞ்சியும் தெரியாது. செவப்புல மஞ்ச எழுத்து, அதுக்கு மேல ரோஸ் பூ. பாக்குறவன் கண்ணு அவிஞ்சுபோகும்."

"அப்ப என்ன செய்யங்குற?"

"மேல கோபுரம். ஒரே படம். கீழ தேதி. போதும்."

மூன்று நாள் மல்லுக்கட்டினாள். நாற்பது மூஞ்சிகளை வெட்டிவிட்டாள், மாரிச்சாமியையும் விஜயபாண்டியையும் மட்டும் வெட்ட முடியவில்லை. ரெண்டு பேரும் ஒரே ஸ்டூடியோவில் போய், ஒரே மாதிரி நின்று, முழு உருவப் படம் எடுத்துக் கொடுத்திருந்தார்கள். வெள்ளை வேட்டி, கூப்பிய கை, காலில் வார்ச்செருப்பு. சரி என்று கோபுரத்துக்குக் கீழே ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இஞ்சி டேப் வந்தது. விஜயபாண்டியின் தம்பி தங்கபாண்டி, எதற்கெடுத்தாலும் கை முன்னால் போகிற முரடன், அவனே வந்து கம்ப்யூட்டர் திரையில் டேப்பை வைத்து அளந்தான். இந்தப் பக்கம் நாலேகால், அந்தப் பக்கம் நாலேகால். பேப்பரில் எழுதி, ரெண்டு தரப்பு ஆளும் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கிப் போனார்கள்.

இங்கேதான் அவள் சறுக்கினாள். கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற படங்கள் போனில் திறந்தால் ஒன்றுக்குக் கீழே ஒன்றாக இறங்கும். அப்படித்தான் அவள் எல்லா மடலையும் அமைத்து வைத்திருந்தாள். அது தப்பில்லை, அதுதான் தொழில். சின்னத் திரையில் ரெண்டையும் நெருக்கினால் ரெண்டும் சுருங்கிப்போகும். இறக்கிவிட்டால் ஒவ்வொன்றும் திரை நிறைய நிற்கும். அனுப்புவதற்கு முன்னால் தன் போனிலும் திறந்து பார்த்தாள். படம் பளிச்சென்று இருந்தது, எழுத்து உறுத்தவில்லை. திருப்தியாக இருந்தது. அந்த ஊரில் பிறந்தவள், மேலே கீழே என்றால் என்னவென்று அப்பன் முதுகைப் பார்த்தே தெரிந்துகொண்டவள், அவளுக்கே அது கண்ணில் படவில்லை என்றால் என்னத்தைச் சொல்ல! அன்றைக்கு அவள் கண் கேக் கடைக்கு மடல் போடுகிறவளின் கண்ணாக மட்டும் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அனுப்பினாள். பத்தே முக்காலுக்குக் குவைத்திலிருந்து ஒருவன் தன் போன் திரையை அப்படியே படம் பிடித்து ஊருக்கு அனுப்பினான். மேலே மாரிச்சாமி நிற்கிறார். அவர் வார்ச்செருப்புக்கு நேர் கீழே விஜயபாண்டியின் தலை.

கோயிலில் அப்போது கோபுரத்துக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். ரெண்டு தரப்பும் அங்கேதான் நின்றது. மாரிச்சாமி பக்கத்து ஆள் ஒருவன் போனைப் பார்த்துவிட்டு, "எடம் பாத்துத்தான்யா வச்சிருக்காக" என்று சிரித்தான். அவன் சிரித்து முடிக்கவில்லை. தங்கபாண்டி சாரத்திலிருந்து சவுக்குக் கம்பை உருவி அவன் வாயிலேயே அடித்தான். பல்லும் ரத்தமும் தெறித்தன. அப்புறம் யார் யாரை அடித்தார்கள் என்று கணக்கே இல்லை. ஆளுக்கொரு கம்பை உருவ உருவ, சாரம் சரிந்து மேலே நின்ற ரெண்டு வர்ணக்காரர்களும் வாளியோடு கீழே வந்து விழுந்தார்கள். ஒருவனுக்கு இடுப்பு போனது. நடுவில் ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு "வேணாம்யா, வேணாம்யா" என்று ஓடிய சண்முகவேலின் முழங்கை எந்தப் பக்கத்துக் கம்பால் முறிந்தது என்று அவருக்கே தெரியவில்லை. அய்யனார் முகத்தில் வர்ணமும் ரத்தமும் வழிந்தன.

ஆறு பேர் கீழே விழுந்த பிறகுதான் யாரோ ஒருவன் கேட்டான்: "மடலு போட்டது யாருடா?"

"வீரணன் மக."

அவ்வளவுதான். பதினோரு வருஷமாக ஒன்று சேராத ரெண்டு தரப்பும் பதினோரு நிமிஷத்தில் ஒன்று சேர்ந்தது.

யுவராணியின் அப்பா வீரணன் ஒரு காலத்தில் மாரிச்சாமி காட்டில் உழைத்தவர். இப்போது அருப்புக்கோட்டையில் பஞ்சு மூட்டை அடுக்குகிற ஒரு கிட்டங்கிக்கு ராக்காவல். விடியக்காலை பஸ்ஸில் ஊருக்கு வந்து கஞ்சி குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த மனுஷனைக் காலைப் பிடித்துத் தெருவில் இழுத்துக்கொண்டு போனார்கள். கோயில் முன்னால், சரியாமல் மிச்சம் நின்ற சாரக் கம்பில் கட்டினார்கள். ரெண்டு தரப்புக்கும் சம உரிமை அல்லவா, இந்தப் பக்கம் ஒரு அடி, அந்தப் பக்கம் ஒரு அடி என்று பெல்ட்டால் அடித்தார்கள். அட பாவிகளா, அதிலும் அளவு!

யுவராணிக்கு அம்மா சோலையம்மாள் போன் போட்டாள். "ஏத்தா, அப்பாவக் கட்டி வச்சு அடிக்காகடி! அனுப்புனதத் திருப்பி வாங்கணுமாம். கம்ப்யூட்டரக் கொண்டுக்கிட்டு ஒரு மணி நேரத்துல வரலைன்னா கைய எடுத்துருவாகளாம்டி!"

தன்னை அடித்தால் யுவராணிக்குத் திருப்பி அடிக்கத் தெரியும். அப்பாவை அடித்தால் என்ன செய்வது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. போலீசுக்குப் போன் போட்டாள், வருகிறோம் என்றார்கள். காத்திருக்கவில்லை. லேப்டாப்பை முதுகில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை முறுக்கினாள். வழியெல்லாம், தான் பார்த்தும் பார்க்காமல் அனுப்பிய அந்தப் படத்தை நினைத்துத் தன்னையே கெட்ட வார்த்தையில் ஏசிக்கொண்டு போனாள்.

அங்கே அப்பாவைப் பார்த்ததும் ஸ்கூட்டரை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடினாள். ஒரு கண் வீங்கி மூடிவிட்டது. நெற்றி பிளந்து ரத்தம் தாடியில் இறங்கிக்கொண்டிருந்தது. கட்டை அவிழ்க்கப் போனவளைத் தங்கபாண்டி தலைமுடியைப் பிடித்து இழுத்து அறைந்தான். அவன் கையைப் பல் இறங்கும்படி கடித்தாள். இன்னொருவன் இடுப்பில் மிதித்தான்.

"அடிக்காதீங்கடா, கை வேணும் அவளுக்கு" என்றார் மாரிச்சாமி. "ஏ புள்ள, மடலக் கிழிச்சுப் போடு."

"போன மடலக் கிழிக்க முடியாதுங்கய்யா. அது அவுகவுக பெட்டிக்குப் போயிருச்சு."

"போஸ்டரு ஒட்டினவனுக்குக் கிழிக்கத் தெரியாதா? வேணும்னே செஞ்சியா?" விஜயபாண்டி நாற்காலியை விட்டு எழுந்தார். தங்கபாண்டி அரிவாளை எடுத்து வீரணனின் வலது மணிக்கட்டில் வைத்தான்.

"நில்லுங்க!" கத்தினாள் யுவராணி. "மடலத்தான் எடுக்க முடியாது. படத்த மாத்தலாம். படம் மடலுக்குள்ள போறதில்ல. வேற எடத்துல நான் வச்சிருக்கேன், தொறக்குறப்ப அங்க இருந்துதான் வந்து காட்டும். ஏற்கெனவே தொறந்தவுகளுக்குக் கொஞ்ச நேரம் பழசு நிக்கும், பெறகு மாறிரும். ரெண்டு பேரையும் ஒரே படத்துல ஒட்டி வச்சுட்டா போன்லயும் பக்கத்துல பக்கத்துலதான் நிப்பீக. மொதல்ல எங்கப்பாவ அவுத்து விடுங்க."

மாரிச்சாமியும் விஜயபாண்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவிழ்த்துவிட்டார்கள். யுவராணி அய்யனார் கோயில் படியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். உண்மையாகவே மாற்றத்தான் உட்கார்ந்தாள், சத்தியமாகச் சொல்கிறேன். ரெண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியும் விட்டாள். அப்பா உயிரோடு வீட்டுக்கு வந்தால் போதும் என்பதைத் தவிர அவளுக்கு அப்போது வேறு நினைப்பே இல்லை.

ஆனால் தங்கபாண்டிக்கு அது போதவில்லை. "மக செஞ்சதுக்கு அப்பன் கால்ல விழுந்து எந்திரிக்கட்டும்" என்றான். சரி, யார் காலில் முதலில்? அதற்கும் முறைத்துக்கொண்டார்கள்! கடைசியில் பெரியவர்கள் ரெண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது, நடுவில் வீரணன் விழுவது என்று முடிவானது. தங்கபாண்டி பிடரியில் கை வைத்துத் தள்ளினான். அறுபத்தொரு வயசு மனுஷன் நாலு வார்ச்செருப்புக்கு நடுவில் முகம் குப்புற விழுந்து கிடந்தார். எழுந்திருக்க முடியவில்லை. "மன்னிச்சுக்கங்கய்யா" என்று மண்ணைப் பார்த்துச் சொன்னார். அதை ரெண்டு தடவை சொல்லச் சொன்னார்கள், ஆளுக்கு ஒன்று.

யுவராணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போனை எடுத்து ஒரு படம் எடுத்தாள். மாரிச்சாமி ஒரு பக்கம், விஜயபாண்டி ஒரு பக்கம், தோளுக்குத் தோள் சரி அளவு. நடுவில் கீழே ரத்தம் வழிகிற நரைத்த தலை. சுற்றிலும் வெறும் கரிசல் மண். வெட்டுவதற்கு அந்தப் படத்தில் ஒன்றுமே இல்லை. ஒட்டி வைத்திருந்ததை அழித்துவிட்டு, அதை ஏற்றினாள். ஊரை விட்டுப் போன ஆயிரத்துச் சொச்சம் பேர் இனி அந்த மடலைத் திறந்தால் கோபுரத்துக்குக் கீழே அதுதான் நிற்கும்.

"மாத்திட்டேன்" என்றாள். "ரெண்டு பேரும் சமமா நிக்கிறீக."

அப்பாவைத் தோளில் சாய்த்து நடத்திக்கொண்டு போய், வர்ண டப்பா ஏற்றி வந்த லோடு ஆட்டோவில் உட்கார வைத்தாள். டிரைவர் வண்டியை எடுக்கிற நேரத்தில் மாரிச்சாமியின் போன் அடித்தது. சிங்கப்பூரில் இருக்கிற மகள் முருகேஸ்வரி. அவர் காது மந்தம் என்று எப்போதும் சத்தமாக வைத்துத்தான் பேசுவார், எல்லோருக்கும் கேட்டது.

"அப்பா, அது வீரணன் மாமாதான? என்னையத் தோள்ல தூக்கிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போய் விடுவாகளே, அவுகதான? அவுக தலையில ரத்தம் வருது, நீங்க செருப்போட நிக்கிறீக! என்னப்பா இது? எம் மாமியா வீட்ல எல்லாரும் பாக்குறாகப்பா!"

விஜயபாண்டியின் போனும் அடித்தது. அப்புறம் கூட்டத்தில் ஒவ்வொரு போனாக அடிக்க ஆரம்பித்தது. தங்கபாண்டிக்கு மெதுவாகத்தான் விளங்கியது. விளங்கியதும் ஓடிவந்தான். ஆட்டோவின் கம்பியைப் பிடித்திருந்த யுவராணியின் வலது கையில் அரிவாள் இறங்கியது. மூன்று விரல் மண்ணில் விழுந்தது. அவள் போட்ட சத்தத்தில் கோயில் மரத்துக் காக்கா எல்லாம் பறந்தது. டிரைவர் பயந்துபோய் ஆக்சிலேட்டரை அமுக்கியதால்தான் அடுத்த வெட்டு அவள் கழுத்துக்கு விழவில்லை.

மதுரையில் ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கும் மகளுக்கும் அடுத்தடுத்த கட்டில் கிடைத்தது. வீரணனுக்கு மண்டையில் பதினாலு தையல், விலா எலும்பு ரெண்டு முறிந்திருந்தது, உயிருக்குப் பயமில்லை என்றார்கள். விரல்களைத் தேடி எடுத்து வர யாரும் இல்லை. தங்கபாண்டியையும் இன்னும் ஒன்பது பேரையும் போலீஸ் கொண்டுபோய்விட்டது. அந்தப் படமே சாட்சி.

ஐந்தாம் நாள், ஜாமீன் வாங்கிக்கொண்டு மாரிச்சாமியும் விஜயபாண்டியும் வந்தார்கள். கையில் ஆளுக்கொரு ஆரஞ்சுப் பை. வார்டு வாசலில் ஒன்றாக நுழைந்தார்கள், யார் கால் முதலில் உள்ளே வந்தது என்று அவர்களே பார்க்கவில்லை. கட்டில் பக்கத்தில் நின்றார்கள். உட்காருங்கள் என்று யுவராணி சொல்லவில்லை.

"எம் மக பேச மாட்டேங்குறா" என்றார் மாரிச்சாமி. "பேரன் பாத்துட்டான். அவன் கேக்குற கேள்விக்கு அவளுக்குப் பதில் சொல்ல முடியல. திருப்பூருல, குவைத்துல, எங்க யாரு தொறந்தாலும் நாங்கதான் நிக்கிறோம். அந்தப் படத்த மட்டும் எடுத்துரு தாயி."

"கையெடுத்துக் கும்புடுறோம்" என்றார் விஜயபாண்டி, கும்பிடவும் செய்தார்.

வீரணன் பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு கண்ணால் மகளைப் பார்த்தார். யுவராணி கட்டுப்போட்ட வலது கையைத் தூக்கி ரெண்டு பேர் முகத்துக்கும் நேராகப் பிடித்தாள். கட்டுத் துணியில் மஞ்சளும் சிவப்புமாக ஈரம் ஊறியிருந்தது.

"எனக்கு எல்லா வேலைக்கும் இந்தக் கைதான் பழக்கமுங்கய்யா" என்றாள். "வெரலு மொளைக்கட்டும். எடுத்துர்றேன்."